அருங்காட்சியகத்தில் பூட்டிவைத்த கூடைகள்

அனுப்புநர்
ஏழாம் வகுப்பு மாணவி (பெயர் கீழேயும் இருக்காது),
நடுநிலைப் பள்ளி, ஸ்மெரெச்சிவ் கிராமம்.

பெறுநர்
தோழர் மிரோன் தெரெப் அவர்கள்,
மாவட்டப் பண்பாட்டுத் துறைத் தலைவர்.

பொருள்: பழைய மரத் தேவாலயமாகிய எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பூட்டிவைக்கப்பட்டுள்ள உணவுக் கூடைகளை நாளைக் காலையே உரியவர்களிடம் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தோழர் அவர்களுக்கு,

நாளைக் காலை தாங்கள் கண்காட்சியைப் பார்வையிட வரும்போது பூங்கொத்து கொடுக்கப்போகும் மாணவி நான்தான். இந்த மனு பூக்களைச் சுற்றிய தாளுக்குள் இருக்கும். பேச எழுவதற்கு முன் படித்துவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்புக் கங்கு வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும்.

1. எங்கள் கோயில் முதலில் மேல்மலையில் நின்றது. அதைக் கட்டை கட்டையாகக் கழற்றி, எது எதன் மேல் வரும் என்று கோடரியால் குறி வெட்டி, எருதுகளை வைத்து இழுத்துவந்து ஊரார் இங்கே மீண்டும் அடுக்கினார்கள். மூன்று கட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கூரை, மேலே ஓட்டுக்குப் பதில் மரச் செதில்கள். மூலைகளில் கட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. முழுக் கட்டடத்திலும் ஓர் இரும்பாணி கிடையாது. சென்ற வாரம்வரை கிடையாது. சென்ற வாரம் இயக்குநர் தோழர் பிலிபென்கோ பெயர் அட்டைகளை மாட்டுவதற்காகப் பலிபீடத்துச் சுவர் முழுவதும் ஆணி அடித்துவிட்டார்.

2. வழிபாடு தடை செய்யப்பட்டு, கோயில் அருங்காட்சியகமான நாளிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே "மக்கள் கைவினைக் கண்காட்சி" நடக்கும். பெண்கள் கூடைகள் கொண்டுவருவார்கள். பூவேலைத் துணிக்குக் கீழே வண்ணம் தீட்டிய முட்டை, பெரிய உருண்டை ரொட்டி, பாலாடைக்கட்டி, பூண்டு போட்ட இறைச்சிச் சாசேஜ், துருவித் தொட்டுக்கொள்ளும் காரக்கிழங்கு எல்லாம் இருக்கும். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவரவர் கூடையை அவரவர் எடுத்துப் போவார்கள். ஏன் குறிப்பாக அந்தச் சனிக்கிழமை என்று கேட்டால், "அன்னிக்குத்தான்டி மாவு நல்லாப் பொங்குது" என்று பக்கத்து வீட்டு ஹாஃபியா அத்தை சொல்வார்.

3. இயக்குநர் சமவெளி நகரத்திலிருந்து சென்ற இலையுதிர் காலத்தில்தான் வந்தார். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. இன்று மாலை கூட்டத்தைப் பார்த்ததும் தம் சொற்பொழிவுகளைக் கேட்டுத்தான் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்து, கண் கலங்கிவிட்டார். "இவ்வளவு கலை ஆர்வமா! இதை ஒரு சாயங்காலத்துல முடிக்கலாமா? மே தினம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்!" என்று அறிவித்து, எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தோழரே, சாசேஜ் கெட்டுடும்" என்றார் ஹாஃபியா அத்தை.

"கலை கெடாதும்மா!" என்றார் அவர்.

4. ஊரில் பெரியவர்கள் யாரும் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உடல்நலக் காரணம் என்று சொல்கிறார்கள். ஞாயிறு காலை அந்தக் கூடையிலிருந்து எடுத்ததைத்தான் முதல் வாயாகச் சாப்பிடுவார்கள். வேறு எதைக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள். என் அப்பா இருட்டும்வரை கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கட்டை இடுக்குல மூக்க வச்சா பூண்டு வாசனை வருது. இப்படி மோந்துகிட்டே செத்துருவேன் போல" என்றார். அம்மா, "மொதல்ல மூக்க எடுங்க, பாசி உதிருது" என்று அதட்டினார்.

5. அம்மா சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. கட்டைகளுக்கு நடுவே குளிர் புகாமல் பாசியைத்தான் திணித்திருக்கிறார்கள். சாசேஜ் வாசனைக்கு எலிகள் அந்தப் பாசியைத் தோண்டிக்கொண்டுதான் வரும். மேலும் கூடைகள் ஈரமாக இருக்கின்றன. இன்று மாலை மழைக்கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் ஏதோ முணுமுணுத்தபடி நனைந்த குடையைக் கூடைகளின் மேல் வரிசையாக உதறிக்கொண்டே போனார். வெளியே மழை இல்லை. ஏனோ எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். யார் என்று கேட்டேன். "வெளியூர்க்காரருடி. வேடிக்கை பாக்க வந்திருக்காரு. நீ அட்டையைப் பாரு" என்றார் ஹாஃபியா அத்தை. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஈர ரொட்டி பூசணம் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

6. மாவட்டத்துக்கு எழுதலாம் என்று பெண்கள் முணுமுணுத்தது இயக்குநர் காதில் விழுந்துவிட்டது. "எவளாவது எழுதினான்னு தெரிஞ்சுது, அவ பொண்ணு மாணவர் அணிச் சிவப்புக் கழுத்துத்துணியைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். அட்டைகள் எல்லாம் என் கையெழுத்து. இந்த மனுவும் அதே கையெழுத்து. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. தயவுசெய்து இதை அவரிடம் காட்ட வேண்டாம். இதற்காக அருங்காட்சியகத்தை மூடிவிடவும் வேண்டாம். பக்கத்து ஊர்க் கோயிலில் இப்போது உர மூட்டைகள்தான் இருக்கின்றன.

7. இயக்குநர் ஒவ்வொரு கூடைக்கும் மேலே "நாட்டுப்புறக் கலைஞர்" என்று போட்டு, செய்தவரின் முழுப் பெயரை என்னை எழுதச் சொன்னார். நாளை செய்தித்தாள் புகைப்படக்காரர் தங்களுடன் வருகிறார். தங்களை நிற்க வைக்கப்போகும் இடத்துக்கு நேர் பின்னால் உள்ள கூடை யெவ்தோகா தெரெப் அவர்களுடையது. அதாவது தங்கள் அம்மாவுடையது. வாசல் நிலை தாழ்வாக இருந்தாலும் தாங்கள் தலையில் இடித்துக்கொள்ள மாட்டீர்கள், இங்கேயே வளர்ந்த பிள்ளை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எவ்வளவு பெரிய ஆபீசர் ஆனாலும் எம் பையன் வந்ததும் அந்தச் சாசேஜைத்தான் தேடுவான். அவன் வந்து வெட்டட்டும், அப்புறம் நான் சாப்பிடுறேன்" என்று பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அந்தப் பெயர் படத்தில் விழுந்து தங்களுக்குச் சிக்கல் வர வேண்டாம் என்று, பூட்டுவதற்கு முன் அவருடைய அட்டையை மட்டும் நான் ஆணியிலிருந்து கழற்றிவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை.

ஆகவே, புகைப்படம் எடுப்பதற்கு முன்பே தாங்கள் எலிகளைப் பற்றியும் பூசணத்தைப் பற்றியும் கண்டிப்பான குரலில் பேசி, கூடைகளை அப்போதே வெளியேற்ற உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பண்டிகை என்ற சொல்லைத் தாங்கள் சொல்லவே வேண்டியதில்லை. நாங்களும் சொல்ல மாட்டோம். உத்தரவு வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஊரே வாசலில் தயாராக நிற்கும்.

இடம்: ஸ்மெரெச்சிவ்
நாள்: 13 ஏப்ரல் 1974, சனிக்கிழமை

தங்கள் உத்தரவுக்காகப் பசியோடு காத்திருக்கும்,
பூங்கொத்து மாணவி
(பூவை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம்; அழுதுவிடுவேன்.)

இணைப்பு: பெயர் அட்டை ஒன்று. தாங்களே வைத்துக்கொள்ளலாம்.