பெயர் போடாத படிவம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ கேட்டாய்: "நான் நல்லதுக்குத்தானேக்கா கேட்டேன்? அதுக்குப் போய் ஏன் அந்தப் பொண்ணு வேலையை விடுறேங்கிறா?" உன் மாமாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று போனை வைத்துவிட்டேன். அவர் படுத்த இந்த இரண்டு மாதமாக வீட்டில் யாருக்கும் சரியான ஓய்வு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நீ மேற்பார்வை பார்க்கும் பார்சல் கூடத்தில் மனநலப் படிவம் ஒன்று கொடுத்தீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனால், வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கட்டம் வைத்தீர்கள். நாற்பது பேரில் வேறு மொழி பேசுகிறவள் அவள் ஒருத்திதான். உங்களை நம்பி, தூக்கம் வருவதில்லை, சாப்பிடும்போது யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று எழுதினாள். மறுநாள் நீ அவள் நிற்கும் இடத்துக்கே போய், "என்னம்மா, தூக்கமே வரலையாமே? இன்னைக்கு எங்களோட வந்து சாப்பிடு" என்றாய். லேபிள் ஒட்டுகிறவன், "சார், அப்படியே ஒரு தாலாட்டும் பாடி விடுங்க" என்றான். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாயாம். அதை மறைக்காமல் சொன்னாயே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன், தம்பி. வகுப்பில் ஒரு பெட்டி வைத்து, மனக்குறையைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்பேன். எல்லார் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க" என்று ஒரு சீட்டு வந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு, இன்னொருத்தியை எழுப்பி அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரிய புண்ணியம் செய்ததாக நினைப்பு. அப்புறம் வருஷம் முழுக்க அவள் சீட்டில், "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றே இருந்தது. தீர்ந்துவிட்டது என்று நானும் நம்பினேன். அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளுக்கு சனிக்கிழமை கடைசி நாள் என்றாய். அதற்குள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பிவிடாதே. மறுபடியும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். லேபிள்காரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல். அவள் மொழியும் பேசும் ஆலோசகர் வெளியே யாராவது இருந்தால், யார் வேண்டுமானாலும் வேலை நேரத்திலேயே போய்வர அனுமதி வாங்கி வை. யார் போனார்கள் என்று நீ கேட்காதே. இதெல்லாம் செய்தும் அவள் போகலாம். அடுத்து வருகிறவளுக்காவது ஆகும்.

உனக்கும் குரல் சோர்ந்திருந்தது. வேளைக்குச் சாப்பிடு. உன் மனசு கெட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

நாளைக் காலை ஒரு தாளில், "நான் செய்தது தப்பு" என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி அவளிடம் கொடு. வேலையில் இருந்துவிடு என்று மட்டும் எழுதாதே.

உன் நலமே நினைக்கும்,
அக்கா