கரண்ட் போகும் நேரம்

பெங்களூர்,
6.10.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நான் செய்த மென்பொருள் உருப்பட்டதே நீ திட்டியதால்தான். "இத்தினி கேள்வி கேட்டா எவன்டா எழுதுவான்?" என்றாய். இப்போது ஒரே பொத்தான். எழுதி அழுத்தினால் உன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே இணையப் பக்கமாக உலகத்துக்குப் போகும். எங்கிருந்து வருகிறது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. உன் முதலாளி ஏரியில் பனைமர ஆழத்துக்கு மண் அள்ளுவதைத் தைரியமாக எழுது. போனில் மட்டும் இதைப் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
அன்பரசன்

திருவண்ணாமலை,
15.10.2008

அன்புத் தம்பிக்கு,

சாப்பாடு எங்கே இறங்குகிறது? நேற்று ஆபீசில் முதலாளி, ஏரியைப் பற்றி நான் எழுதிய நம் பக்கத்தை மேனேஜரிடம் திறக்கச் சொன்னார். வரவில்லை. நான் அடுத்த மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "தெனம் பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இது வர்றதில்ல. அந்நேரம் எந்த ஏரியாவுல கரண்ட் கட்டுன்னு விசாரி. ஆளு அங்கதான் கீறான்" என்றார்.

வேங்கிக்காலில் எங்கள் நாலு தெருவுக்குத்தான் அப்போது கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்தால் பக்கமும் போய்விடும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? நீ இந்த ஊரில் வளர்ந்தவன்தானே? ஆத்திரமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

மணிமொழி

பெங்களூர்,
18.10.2008

அக்கா,

இங்கே ஜெனரேட்டர் ஓடுகிற ஆபீசில் உட்கார்ந்து கரண்ட் கட்டையே மறந்துவிட்டேன். உன் காலில் விழுகிறேன், பக்கத்தை உடனே அழித்துவிடு. கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடு. யார் என்ன கேட்டாலும் வாயே திறக்காதே. உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்பரசன்

திருவண்ணாமலை,
24.10.2008

அன்புள்ள தம்பிக்கு,

அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் குலாம் ரசூல் பாய்தான் எழுதினார் என்று முடிவுகட்டி, முதலாளியின் ஆட்கள் கடையை நொறுக்கி, அவர் கையை உடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி பீபி ஜான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "திரும்ப வருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கம்மா. எழுதுனது யாருன்னு தெரியாம எங்கள வுடமாட்டாங்க" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாயைத் திறக்காதே என்கிறாய். எத்தனை நாளைக்கு? உன் மென்பொருளில் எழுதியவர் பெயர் போட இடமே வைக்கவில்லை நீ. அதனால் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்: "இதையெல்லாம் எழுதியவள் நான். தசரதன் மகள் மணிமொழி, வேங்கிக்கால்." காலையில் அழுத்தினேன். இந்நேரம் முதலாளி படித்திருப்பார். பீபி ஜானையும் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.

கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். அழிக்கச் சொல்லி மட்டும் இனி எனக்கு எழுதாதே.

உன் அக்கா,
த. மணிமொழி