மெஹருக்குச் சொல்லச் சொன்னது

சாயங்காலம் பள்ளிவாசல் பக்கமிருந்து நோன்புக் கஞ்சி வாசனை வந்தது. பூண்டும் வெந்தயமும் கலந்த அந்த வாசனையில உங்க நெனப்பு வந்தது. கூடவே பக்கத்து வூட்டு மெஹர் நெனப்பும் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கல.

கல்பாக்கத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனப்பதான் 'பஸ்ட் கிளாஸ்'ங்கற வார்த்தையைக் கத்துக்கிட்டு வந்தீங்க. உங்க இன்ஜினியர் எந்த ஜாயிண்டைப் பார்த்தாலும் ஓகே சொல்வாராம். மெய்யாலுமே நல்லா இருந்தாத்தான் 'பஸ்ட் கிளாஸ்'னு சொல்வாராம். நீங்களும் அப்படியே ஆயிட்டீங்க. என் சமையலுக்கு எப்பவும் "நல்லாத்தான் கீது." உப்புப் போட மறந்த அன்னிக்கும் அதே பதில்தான்.

ஒரு நோன்பு மாசம் மெஹர் ஒரு தூக்குல கஞ்சி கொடுத்தனுப்பினாங்க. ஒரு வாய் குடிச்சதும் "பஸ்ட் கிளாஸ்"னீங்க. கல்யாணமாகி ஏழு வருஷத்துல எனக்குக் கிடைக்காத வார்த்தை.

தூக்கை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு மறுநாள் என் கஞ்சியை அதுல ஊத்தி வெச்சேன். கொண்டுபோய்க் கொடுக்கறதுக்குள்ள நீங்க வேலை விட்டு வந்துட்டீங்க. தூக்குல வெட்டியிருந்த மெஹர் பேரைப் பார்த்து இன்னிக்கும் அவங்கதான் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு, பாங்கு சொன்னதும் நோன்பு தொறக்க அதையே குடிச்சீங்க. நேத்தைவிட இதுதான் பஸ்ட் கிளாஸ்னு சொல்லி, தூக்கை வழிச்சு வெச்சீங்க. நான் காய்ச்சினதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா "அப்படியா, நல்லாத்தான் கீது"ன்னு மாத்திடுவீங்களோன்னு பயந்து முழுங்கிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்க. எதுவும் இறங்கல. "மெஹர்கிட்ட கஞ்சி கேட்டு வாயேன். அன்னிக்கு ரெண்டாவது தபா அனுப்பினாங்களே, அது மாதிரி"ன்னீங்க. பஸ் ஏறி வந்தேன். அவங்க வாசலைத் தாண்டி என் அடுப்புக்குத்தான் போனேன்.

நாலு ஸ்பூன் குடிச்சீங்க. "பஸ்ட் கிளாஸ். மெஹருக்குச் சொல்லிடு." சரின்னேன். ரெண்டு நாள்ல போயிட்டீங்க.

மெஹர் வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. கடைசியா ஏதாச்சும் சொன்னாரான்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னேன். நல்லவங்கதான், இன்னும் பக்கத்து வூட்லதான் இருக்காங்க. நீங்க சொல்லச் சொன்னதை நான் இன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்க வாயால எனக்கு வந்தது அது ஒண்ணுதான். அதை எப்படித் தூக்கி அவங்ககிட்ட கொடுப்பேன்?