விளக்கை உயரத்தில் தொங்கவிட்டேன்

ஃபோர்ட் மக்மரி,
பிப்ரவரி 9

அன்புள்ள லொரெட்டாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? வாசல் பனியை நீ வாராதே, உன் தம்பியிடம் சொல்.

வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிவரை வளர்க்க இங்கே சட்டம் விடுகிறதே என்று, வீட்டுக்காரம்மா வெர்னாவிடம் கேட்டுவிட்டு நான்கு விதை வாங்கினேன். ஈரக் காகிதத்தில் சுற்றி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, ஃப்ரிட்ஜ் மேல் சூட்டில் விட்டேன். மூன்றாம் நாள் நான்கும் முளைத்தன. தொட்டிகளுக்கு மாற்றி, என் அறை அலமாரிக்குள் விளக்குப் போட்டேன். விளக்கை உயரத்தில் தொங்கவிட்டதுதான் தப்பு. வெளிச்சத்தை எட்டப் பார்த்து நூல் மாதிரி நீண்டு, மூன்று நாற்றுகள் சாய்ந்து படுத்துவிட்டன. பெரிய விஷயமில்லை.

வெர்னா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏம்ப்பா, அலமாரிக்குள்ள காத்தா அடிக்குது? ஆடாம அசையாம வளந்தா தண்டு எப்படித் தேறும்? ஒரு ஃபேனை வை. இல்லேன்னா தினம் கையாலயாவது தடவி ஆட்டி விடு."

நம் கட்டிலருகே உன் பக்கம் இருக்கும் சின்ன ஃபேனை அனுப்பு. இங்கே கடையில் கிடைக்கும்தான். இருந்தாலும் அதையே அனுப்பு. அதன் கடகடச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.

அதுவரை, வேலை முடிந்து வந்ததும் மிஞ்சிய ஒன்றைக் கையால் தடவிக் கொடுக்கிறேன். இங்கே வந்து பதினொரு வாரமாகிறது. நான் தொட்ட உயிர் அது ஒன்றுதான்.

சுரங்க வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஃபேனைத் துணியில் நன்றாகச் சுற்றிக் கட்டு.

உன் கிளைட்