எரிக்கும்வரை கெடாமல் காக்கப்படும் ஊசி மருந்து

அனுப்புநர்:
குளிர்சாதனப் பராமரிப்பு டெக்னீஷியன் (ஒப்பந்த ஊழியர்),
மருந்து ஆய்வு மையம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருந்து ஆய்வு நெறிமுறைக் குழு.

பொருள்: மிச்ச ஊசி மருந்தை எரிப்பதை நிறுத்தி, ஆய்வில் பங்கேற்ற என் அக்கா உள்ளிட்டோருக்கு வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா தையல் தொழில் செய்பவர். முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனவர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதிய ஊசி மருந்தைச் சோதிக்க எங்கள் மையத்தில் ஆள் தேடியபோது சேர்ந்தார். மருந்து வேலை செய்தது. மறுபடி தைத்தார். மகளுக்குத் தலை பின்னிவிட்டார்.

2. ஆய்வு முடிந்தது. மருந்து இங்கே விற்பனைக்கு வராதாம். விலை கொடுத்து வாங்க ஆள் இல்லையாம். குத்திப் பார்க்க மட்டும் ஆள் இருந்தது.

3. ஆய்வுக்குப் பின்னும் தேவைப்படுவோருக்கு மருந்து தொடரும் என்பது ஒப்பந்தம். கடைசிப் பரிசோதனையில், நிறுவனத்தார் முன்னிலையில், எங்கள் மைய டாக்டர் வலி இருக்கிறதா என்று கேட்டார். காலையில் விறைப்பு இருந்தும் அக்கா, "சுத்தமா இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்றார். மருந்து தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் கத்தினேன். "வந்தவங்க முன்னாடி நம்ம டாக்டர் நிக்கிறாருடா. இன்னும் வலிக்குதுன்னா அவருக்கு அசிங்கமில்ல?" என்றார். நம்மவர்கள் டாக்டரிடம் இப்படித்தான் பேசுவார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. அது தெரிந்த டாக்டரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மேலும், மருந்து உள்ளே போனதால்தான் வலி குறைந்தது. குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "பெட்டி சில்லென்றுதானே இருந்தது, இனி கரண்ட் எதற்கு" என்று என் தொழிலில் யாராவது சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

4. மிச்ச மருந்து என் பராமரிப்பில் உள்ள குளிர்பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எரிக்கப்படும். அதுவரை கெடக்கூடாது என்பது விதி. எட்டு டிகிரியைத் தாண்டினால் என் போன் அலறும். சோற்றுக் கையோடு ஓட வேண்டும். அக்காவின் விரல்கள் மறுபடி மடங்கிவிட்டன. அதற்கு அலாரம் எதுவும் பொருத்தப்படவில்லை.

5. பெட்டியின் சாவி என்னிடம்தான் உள்ளது. எடுக்கத் தெரியாமல் மனு எழுதவில்லை. திருட்டு மருந்தை அக்கா போட்டுக்கொள்ள மாட்டார். டாக்டருக்குக் கெட்ட பேராம்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் எரிப்பை நிறுத்தி, மிச்சத்தைப் பங்கேற்றவர்களுக்கே கொடுக்கவும், அதன் பின்னும் நிறுவனமே தொடர்ந்து தரவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணைக்கு அக்காவை அழைத்தால் ஒன்றை நினைவில் வைக்கவும். எவ்வளவு சொல்லி அனுப்பினாலும், தங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று "நல்லா இருக்கேங்க" என்றுதான் சொல்வார். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துப் பாருங்கள்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: ஆய்வு மையம், குளிர்பெட்டி அறை

வெள்ளிக்கிழமைவரை மருந்தைக் கெடாமல் காக்கும்,
(ஒப்பம்)
பங்கேற்பாளரின் தம்பி