இரண்டு முன்கதவு வைத்த வீடு

மச்சான்,

இன்று காலை உன் வீட்டுக்குள் நுழைந்ததும் நனைந்த சீமெந்து மணத்தது. நீ வெறுமையாக விட்ட அந்த நீள ஹோலின் நடுவில் மேசன் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். சுவர் எழும்புகிறது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

உன் சின்னத் தங்கை சுகிக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஈச்சிலம்பற்று. நல்ல மனிதர்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே, தேத்தண்ணி ஆற முன்னமே கேட்டுவிட்டார்கள்: "பொம்பிளைக்கு வீடு எது?" தங்கைமாருக்கு வீடு கொடுத்த பிறகுதான் அண்ணன் தன் கல்யாணத்தை நினைக்கலாம் என்கிற ஊரில் அது பிழையான கேள்வி இல்லை. உனக்கு இரண்டு தங்கைகள், ஒரு வளவு, ஒரு சம்பளம். அதற்கு நீ கீறிய விடைதான் இந்த வீடு.

பிளானை முதலில் காட்டியபோது நான் சிரித்தேன். வீட்டை வரைகிறவன் நீ, அது விழாமல் நிற்கக் கணக்குப் போடுகிறவன் நான். எனக்குத் தெரிந்தது ஒரு நீளப் பெட்டி. வளைவு இல்லை, தூண் இல்லை, ஷோகேஸ் வைக்க ஒரு மூலைகூட இல்லை. வெள்ளைச் சுவர், வெறும் சீமெந்து நிலம், துறைமுகப் பக்கம் ஒரே அளவில் யன்னல்கள். ஒரு அந்தத்தில் சமைக்கக் குசினி, மற்ற அந்தத்தில் இன்னொரு குசினிக்கான குழாய்கள் மட்டும். முன்கதவோ இரண்டு.

கட்டும்போது உன் மாமா வந்து பார்த்தது நினைவிருக்கிறதா?

"இதென்ன மருமகன், கள்ளன் வர ஒரு கதவு, போக ஒரு கதவோ?"

"ஓம் மாமா. அவனுக்கும் வசதி வேணும்தானே."

"முன்னுக்கு ஒரு தூணும் இல்லை. ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"தூண் பாக்கவேணுமெண்டால் கோயிலுக்குப் போங்கோ மாமா."

என் சண்டை வேறு. ஹோலின் நடுவில், மேலே எதுவுமே வராத இடத்தில், அத்திவாரம் கேட்டாய். அதற்கு நேர் மேலே ஒரு பீமும் கேட்டாய்.

"உனக்கு விசரோடா? இல்லாத சுவருக்கு எதுக்குக் கொங்கிறீற்?"

"சுகிக்குக் கல்யாணம் எண்டால் சுவர் வரும் மச்சான். அப்ப ஒண்டையும் உடைக்கக்கூடாது. உடைக்கத் தொடங்கினால் சண்டையும் தொடங்கும்."

உன் தங்கைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றேன். "அதுகள் பாவம். வீடுதான் சண்டை பிடிக்கவைக்கும்" என்றாய். "ஒரு பக்கத்தில வடிவான சாமான் ஒண்டு வைச்சால், அது ஆருக்கு எண்டு நாளைக்குக் கேள்வி வரும்." நீ எல்லாவற்றையும் அழகுக்காகக் குறைக்கிறாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மூத்தவள் மாலினியின் கல்யாணம் அந்த ஹோலிலேயே நடந்தது. அடுத்த மாரிக்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதை நான் எழுதப்போவதில்லை.

போன கிழமை சுவருக்குக் கோடு அடிக்கப் போனேன். அன்று பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வர இருந்தார்கள். மாலினியின் புருஷன் சுகியின் பாதிக்குள் ஒரு யன்னல் தள்ளிப் போய் நின்றார்.

"இஞ்சினியர், அம்மா எங்களோடதானே இருக்கிறா. சுவரை இதுக்கு அங்கால வைப்பமே?"

கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சுகியின் முகம் கறுத்துவிட்டது. மாலினி நிலத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வார்த்தை போயிருந்தால் கல்யாணம் அங்கேயே குழம்பியிருக்கும்.

"ஏலாது" என்றேன்.

"ஏன் ஏலாது?"

"அங்க அத்திவாரம் இல்லை. இது கடற்கரை மண். கட்டினால் நிலம் தாழும், சுவர் வெடிக்கும். இருக்கிற அத்திவாரம் நடுவில மட்டும்தான்."

அவர் குனிந்து நிலத்தைத் தட்டினார். நிமிர்ந்து பீமைப் பார்த்தார். இந்தப் பக்க யன்னல்களையும் அந்தப் பக்க யன்னல்களையும் எண்ணினார். பிறகு சிரித்துவிட்டார். "மச்சான் போயும் பங்கு பிரிக்கிறான், பாருங்கோவன்!"

சுகியும் சிரித்தாள், பிறகு அழுதாள். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாவது கதவைத் திறந்துதான் உள்ளே கூப்பிட்டாள். அதுவரை பூட்டியே கிடந்த கதவு. யாரும் கதைத்து, யாரும் விட்டுக்கொடுத்து நடந்தது இல்லை அது. நீ போட்ட கோட்டுக்கு அங்கால சுவர் நிற்காது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய வீடுகளுக்கு நான் கம்பி கட்டியிருக்கிறேன். இப்படி யோசித்த ஒரு வீட்டை இன்னும் காணவில்லை.

ஆனால் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு உன் அம்மா குசினியிலிருந்து வந்து, நான் அடித்த கோட்டின்மேல் நின்றா.

"நான் எந்தப் பக்கம் மகன்?"

"எங்களோடதான், அம்மா" என்றாள் மாலினி. "ஏன், இஞ்ச இருந்தால் என்னவாம்?" என்றாள் சுகி. அம்மா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

பிளானை விரித்தேன். கொங்கிறீற்றிலிருந்து குழாய் வரைக்கும் சரிபாதியாகப் பிரித்தவன், அம்மாவுக்கு ஒரு கோடும் கீறவில்லை. கோபம் வந்தது. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். நீ இருந்தவரை உன் பிளானில் நான் கைவைத்ததே இல்லை, வாயால் மட்டும்தான் சண்டை. இந்த முறை பென்சிலை எடுத்தேன். சுவரின் பின் அந்தத்தில், இரண்டு பக்கமும் போய்வர ஒரு வாசல் விட்டிருக்கிறேன். கதவு போடப்போவதில்லை.

இப்போது பிளான் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை அறை என்று நான் தொடங்குவதில்லை. இந்த வீடு நாளைக்கு ஆருக்கு, அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறேன். கேள்வியின் முதல் பாதி உன்னுடையது, மற்றது அம்மா கேட்டது. சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

சுவர் இன்று முழங்கால் உயரம் வந்திருக்கிறது. மேசனும் நானும் தங்கைகளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறோம். அம்மா மட்டும் தேத்தண்ணித் தட்டோடு பின்னால் சுற்றிப் போய், அந்த வாசலால் வருகிறா.