டிலான் வெட்டாத இரண்டு நிமிடம்

2024 ஜூன் 9, ஞாயிறு
சிலாவத்துறைக் கடற்கரையில் பதினேழாவது படம். காற்றில் பறக்கும் குடையைத் துரத்தி, கோட்டும் சூட்டுமாகக் கழுத்தளவு கடலுக்குள் நடந்துபோகிற மாப்பிள்ளை நான். வழக்கம்போல் ஒரு சொல்லும் இல்லை. கூட்டாளி டிலான் தன் ஊரான தோட்டவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போனில் எடுத்தான். கறுப்பு வெள்ளையாக்கி, இசை சேர்த்து, இணையத்தில் போடுவதும் அவன்தான்.
எனக்குத் திக்கும் என்பது ஊருக்குத் தெரியும். படம் பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று எங்களுக்குள் பேச்சு.

ஜூன் 21
கொழும்பு நாடக விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! மேடையில் இருபது நிமிடம், நான் மட்டும். நன்றி சொல்லி ஒரு வீடியோப் பதிவு அனுப்பவேண்டுமாம்.
"ஆறுதலா, அவசரப்படாமச் சொல்லு மச்சான். திக்கிற இடமெல்லாம் நான் வெட்டி எடுக்கிறன்" என்றான் டிலான்.
நௌபர் என்ற என் பெயரோடேயே இரண்டு நிமிடம் மல்லுக்கட்டினேன்.

ஜூன் 24
வெட்டவில்லை. அப்படியே போட்டுவிட்டான். சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்து.

ஜூன் 25
இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பதினேழு படங்களுக்கும் சேர்த்து இவ்வளவு பேர் வரவில்லை.
மகள் நூர்ஜஹான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். "வகுப்பில எல்லாரும் வாப்பா மாதிரிக் கதைச்சுக் காட்டுறாங்க."

ஜூன் 26
டிலான் போன் எடுத்துக் கேட்கிறான்: "சனம் சிரிக்கத்தானே மச்சான் நாங்கள் படம் எடுக்கிறம்? இதில என்ன வித்தியாசம்?"
என்ன வித்தியாசமா? டேய், கடலுக்குள்ள இறங்கினது நான் செஞ்சது. இது எனக்கு நடக்கிறது! எட்டு வருசமாப் பக்கத்தில நிண்டவனுக்கு இது விளங்காதா?
இதைச் சொல்ல வாய் திறந்தேன். முதல் எழுத்தே வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 2
வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

ஜூலை 14
விழாவுக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். மனைவி இர்ஷானா பார்த்துவிட்டாள்.
"நீங்க போகாட்டி, அந்த ரெண்டு நிமிசந்தான் நீங்க எண்டு ஆகிரும்" என்றாள். எழுதியதை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, கொழும்பு
இருபது நிமிடம். நான் நினைத்த இடங்களில் சிரித்தார்கள். நான் நினைக்காத ஓரிடத்திலும் சிரித்தார்கள்; அதையும் பிடித்துக்கொண்டேன்.
முடிந்ததும் டிலான் திரைக்குப் பின்னால் வந்து தோளில் கை போட்டான். "அடுத்த படம் எப்ப மச்சான்?"
"இ... இனி..." நின்றுவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே அந்த வசனத்தைத் தானே முடிக்கப் பார்த்தான். தோளிலிருந்த கையை எடுத்துவிட்டேன்.
"இனி உ... உன்னோட இல்லை."
நெடுநேரம் எடுத்தது. என்னோடு வந்திருந்த நூர்ஜஹான் பக்கத்திலேயே நின்று, கடைசிச் சொல்வரை கேட்டாள்.